ஒன்றரை மணிக்குக் கும்மிருட்டு அண்ணாச்சி

நவம்பர் 4, 2012, ஞாயிறு

இந்த டைரி உரக்கடையில் ஜனவரி மாதம் கொடுத்தது. பத்து மாதமாக அரிசிப் பானைக்கு மூடியாக இருந்தது. இன்று முதல் எழுதுகிறேன். நாளைக்கு ஏதாவது தகராறு என்று வந்தால் எழுத்தில் இருக்க வேண்டும் அல்லவா? பெயர் சு. இசக்கியப்பன், வயது 61. சங்கரன்கோவிலில் பதிவு அலுவலக வாசலில் முப்பத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறவன். வாயால் சொல்லும் எதையும் நான் நம்புவதில்லை.

விஷயம் இதுதான். கேபிள் டிவி நடத்தும் ஆவுடைராஜ் காலையில் வீட்டுக்கு வந்தான். ஊரில் இப்போது மேற்குப் பாதிக்குப் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை கரண்ட் கிடையாது. கிழக்குப் பாதிக்கு மூன்று முதல் ஆறு வரை கிடையாது. ஆவுடைராஜ் தன் சேனலில் ஞாயிறு பகல் ஒன்றரைக்குப் படம் போடுகிறான். கிழக்கே இருப்பவர்கள் முன்பாதி பார்க்கிறார்கள், மேற்கே இருப்பவர்கள் பின்பாதி பார்க்கிறார்கள். முழுப்படம் பார்த்தவன் ஊரில் ஒருவனும் இல்லை. போன வாரம் டீக்கடையில் இரண்டு பாதி ஆட்களும் சேர்ந்து கதையை முழுசாக்கப் பார்த்துக் கைகலப்பாகிவிட்டதாம்.

"அண்ணாச்சி, நீங்க நடுவுல உக்காந்து கதை சொல்லணும். மூணு மணிக்கு முன்னால கிழக்க உள்ளவங்களுக்கு முடிவச் சொல்லிரணும். மூணு மணிக்கு மேல மேக்க உள்ளவங்களுக்கு ஆரம்பத்தச் சொல்லணும். பத்திரம் வாசிச்சுக் காட்டுவீயள்லா, அந்த மாதிரி."

"என்ன படம்?"

"எல்லாம் பேய்ப் படம்தான். மொத்தமா நூத்திப் பன்னெண்டு டிஸ்க் சல்லிசாக் கெடச்சுது."

அத்தோடு நிறுத்தவில்லை. வெளிநாடுகளில் அறுபது வருடத்துக்கு முன்பே உள்ளூர் டிவிக்காரர்கள் இதைத்தான் செய்தார்களாம். யாரும் வாங்காத பழைய பேய்ப் படங்களை அள்ளிக்கொண்டு வந்து, நடுநடுவே பேசுவதற்கு ஒரு ஆளை வேஷம் கட்டி உட்கார வைப்பார்களாம். செத்தவள்போல ஒரு பொம்பளை வருவாளாம், சவப்பெட்டியிலிருந்து ஒரு ஆள் எழுந்து வருவானாம். படம் குப்பையாக இருந்தாலும் அந்த ஆளுக்காகவே சனம் பார்க்குமாம். துபாயிலிருந்து வந்த அவன் சித்தப்பா மகன் கம்ப்யூட்டரில் காட்டினானாம்.

"போடா, சோலியப் பாரு" என்றேன்.

"சரி அண்ணாச்சி. இந்த மாசத்துல இருந்து நம்ம லைன் புளியங்குடி வரைக்கும் போகுது, அதான் ஒங்கள மாதிரி கனமான ஆளா இருந்தா நல்லாருக்கும்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

பொதுச்சேவை என்ற முறையில் ஒப்புக்கொண்டேன். என் மகள் பகவதி புளியங்குடியில்தான் இருக்கிறாள். நாங்கள் கட்டிக்கொடுக்காமல் அவளாகக் கட்டிக்கொண்டு போய் ஒன்பது வருடம் ஆகிறது, பேச்சுவார்த்தை கிடையாது. நான் ஒப்புக்கொண்டதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த ஊருக்கு நான் பஸ் ஏறுவதும் இல்லை, ஏனென்றால் ரோடு மோசம்.

நவம்பர் 6, செவ்வாய்

வேஷம் முடிவாகிவிட்டது. கறுப்புக் கம்பளி, முகத்தில் பவுடர், கண்ணைச் சுற்றி மை. பெயர் கும்மிருட்டு அண்ணாச்சி. பகல் ஒன்றரை மணிக்குக் கும்மிருட்டு எங்கிருந்து வரும் என்று கேட்டேன். "அதான் கரண்ட் இல்லையே" என்றான் ஆவுடைராஜ். வெயில் எங்கே போகும் என்று கேட்டதற்குக் கம்பளியை என் தலைவரை இழுத்துவிட்டான்.

சாவு வீட்டுக்கு வாடகைக்கு விடும் ஐஸ் பெட்டி ஒன்றையும் ஏற்பாடு செய்திருக்கிறான். நான் அதற்குள் படுத்திருந்து எழ வேண்டும்.

என் வீட்டுக்காரி உலகம்மாளிடம் சொன்னேன். கண்ணாடி முன்னால் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பவுடர் போடாமலே அப்படித்தான இருக்கீய" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். செவ்வாய்தோறும் போவாள். கோயில் பத்து நிமிட நடைதான். திரும்பி வர நாலு மணி நேரமாகும், கூட்டம் அப்படி. வரும்போது பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவருவாள். வீட்டில் இப்போது ஊறுகாய் ஒன்பது பாட்டில் இருக்கிறது. நம் ஊர்க் கோயிலில் எலுமிச்சம்பழம் யார் இவ்வளவு கொடுக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

நவம்பர் 11, ஞாயிறு

ஆவுடைராஜின் கேபிள் ஆபீஸ் மாடியில் முதல் நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்தது. ஐஸ் பெட்டிக்குள் பிளக் போட்டு வைத்துவிட்டார்கள், முதுகு விறைத்துவிட்டது.

படத்தில் ஒரு குடும்பம் பாழடைந்த பங்களா வாங்குகிறது. கதையை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் எனக்குத் தெரிந்த மாதிரி தொடங்கினேன். "மேற்படி பங்களாவுக்கு நான்கு எல்லை. வடக்கே பாழுங்கிணறு. கிழக்கே தூக்கு மாட்டிய புளியமரம். தெற்கே சுடுகாட்டுப் பாதை. மேற்கே யாருக்கும் பாத்தியமில்லாத மயானப் புறம்போக்கு." ஆவுடைராஜ் கேமராவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. இந்தப் படங்களில் ஒருவனாவது வில்லங்கம் போட்டுப் பார்க்கிறானா? முப்பது வருடம் வில்லங்கம் போட்டுப் பார்த்திருந்தால் அந்த வீட்டில் மூன்று பேர் கொலையானது தெரிந்திருக்குமே. தாய்ப் பத்திரம்கூடப் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொண்டு, பிறகு அய்யோ பேய் என்றால் என்ன செய்வது? எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்துவிட்டது.

படம் ஓடும்போது திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் என் முகம் தெரியும். பயங்கரமான இடம் வரும்போது மணி அடித்து "கண்ண மூடிக்கிடுங்க" என்று சொல்வேன். அது முடிந்ததும் "ம், இப்பம் தொறக்கலாம்" என்பேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தானாக வந்தது.

வீட்டில் உலகம்மாள் பூஜை மணியைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 12, திங்கள்

பதிவு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் "வில்லங்கம் பாத்தீயளா அண்ணாச்சி?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். பக்கத்து மேஜையில் பத்திரம் எழுதும் ஆறுமுகநயினார் மட்டும் சிரிக்கவில்லை. "எழுத்தர்களோட கௌரவத்தையே கெடுத்துட்டீரு வேய்" என்றான். இவன் எழுதிய பத்திரத்தில் ஒருமுறை கிணறு எல்லை தாண்டி ரோட்டுக்கே போய்விட்டது. இவனுக்குக் கௌரவமாம்.

கழுகுமலை ரோட்டில் தனியாக இருக்கும் ஒரு டீச்சரம்மா கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். "எனக்குப் பேய்ப் படம் என்றால் ஆசை, பயமும் அதிகம். நீங்கள் மூலையில் இருப்பதால் இருபது வருடத்துக்குப் பிறகு ஒரு படம் முழுதாகப் பார்த்தேன், அதாவது பாதி" என்று எழுதியிருந்தார். யோசித்துப் பார்த்தேன். பயப்படுகிறவர்களுக்குத் தைரியம் வேண்டியதில்லை, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும்.

நவம்பர் 18, ஞாயிறு

இரண்டேகாலுக்கு நிகழ்ச்சி நடுவிலேயே ஐஸ் பெட்டிக்காரர் மாடியேறி வந்துவிட்டார். வடக்கு ரத வீதியில் ஒருவர் காலமாகிவிட்டார், பெட்டி வேண்டும் என்றார். நான் உள்ளே இருந்தேன். "அண்ணாச்சி, கொஞ்சம் எறங்குதீயளா, அங்க நெசமாவே ஆளு காத்துக்கிட்டு இருக்காரு" என்றார். எல்லாம் நேரலையில் போய்விட்டது. மீதி நிகழ்ச்சியை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முடித்தேன்.

இந்த வாரம் முதல் நேயர்கள் போனிலும் பேசலாம். புளியங்குடியிலிருந்து ஒரு சின்னப் பெண் கூப்பிட்டாள்.

"தாத்தா, நீங்க கதைய எதுக்கு ரெண்டு தடவ சொல்லுதீய? எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு. எங்கப்பா கடையில அதான் விக்காவ. நாங்க முழுசாப் பாத்துட்டோம்."

"அப்படியா பாப்பா. ஒம்பேரு என்ன?"

"உலகம்மா. மூணாங்கிளாஸ். நீங்க மணி அடிச்சா நான் கண்ண மூடிக்கிடுவேன். ஆனா தொறக்கச் சொல்லதுக்கு லேட் பண்ணுதீய. பேய் போனப்புறமும் சும்மா மூடிட்டே நிக்க வேண்டியிருக்கு."

"சரி தாயி, வெரசாச் சொல்லுதேன்" என்றேன்.

இந்தக் காலத்தில் குழந்தைக்கு உலகம்மாள் என்று யார் பெயர் வைக்கிறார்கள்? பழைய பெயர்கள் திரும்பவும் நடப்புக்கு வருகின்றன போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து, உன் பெயரில் ஒரு பிள்ளை பேசியது என்று உலகம்மாளிடம் சொன்னேன். "அப்படியா" என்று அடுப்படிக்குப் போனவள் ரொம்ப நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். மழைக்காலம், சளி பிடித்திருக்கும்.

நவம்பர் 22, வியாழன்

ஆவுடைராஜ் விளம்பரம் செய்யப்போகிறானாம். சங்கரன்கோவில் முழுக்க, புளியங்குடி முழுக்க கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரியே ஒட்டுவதாகத் திட்டம். என் படத்தைப் போட்டு, "கும்மிருட்டு அண்ணாச்சி இறந்துவிட்டார், ஞாயிறு பகல் 1.30 மணிக்கு எழுந்து வருவார்" என்று இருக்கும். யோசனை மோசமில்லை. இந்த ஊரில் சினிமா போஸ்டரைக்கூட நடந்துகொண்டே பார்ப்பார்கள், சாவு போஸ்டரை நின்றுதான் படிப்பார்கள்.

அச்சகத்துக்கு இருவரும் போனோம். அங்கே கம்ப்யூட்டரில் இருக்கும் பிச்சுமணி என்னைப் பார்த்ததும், "அண்ணாச்சிக்குப் புதுசா டிசைன் பண்ண வேண்டாம். ஒங்க பழைய ஃபைலு இதுலயே கெடக்கு. ரெண்டாயிரத்து மூணுல அடிச்சோம்லா, அதுலயே படத்தையும் பேரையும் மாத்திருதேன்" என்றான். எனக்கு வெளியே வேலை இருந்தது, கிளம்பி வந்துவிட்டேன். மீதி விவரத்தை ஆவுடைராஜ் போனில் சொல்லிக்கொள்வான்.

நவம்பர் 25, ஞாயிறு

இன்று நான் இறந்துவிட்டேன். களைப்பாக இருக்கிறது, விவரம் நாளை.

நவம்பர் 26, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பிச்சுமணி பதினெட்டு வருடமாகச் சாவு போஸ்டர் அடிக்கிறவன். "ஞாயிறு பகல் 1.30 மணிக்கு எழுந்து வருவார்" என்று ஆவுடைராஜ் போனில் சொன்னதைக் கேட்டு, துக்கத்தில் ஏதோ உளறுகிறான் என்று அவனே எடுத்துக்கொண்டான். கைப்பழக்கத்தில் திருத்திவிட்டான். "இறுதி ஊர்வலம் ஞாயிறு பகல் 1.30 மணிக்கு அன்னாரது இல்லத்திலிருந்து புறப்படும்" என்று அச்சாகி, ஞாயிறு விடியற்காலை இரண்டு ஊரிலும் ஒட்டியாகிவிட்டது. கும்மிருட்டு அண்ணாச்சி என்பதையும் எடுத்துவிட்டு என் சொந்தப் பெயரையே போட்டிருக்கிறான். சாவில் பட்டப்பெயர் மரியாதையில்லையாம். போன வாரம் என்னை நேரில் பார்த்தாயே என்று பிறகு கேட்டதற்கு, "இப்பல்லாம் நேத்துப் பாத்தவங்க இன்னைக்கு இல்லையே அண்ணாச்சி" என்றான்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆறு மணிக்கே ஒத்திகைக்குப் போய்விட்டேன். அங்கே போனை அணைத்து வைப்பது வழக்கம்.

ஒன்றரைக்கு நான் ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்தேன். கரண்ட் இருந்த கிழக்குப் பாதி முழுக்க அதைப் பார்த்தது. அண்ணாச்சி உயிரோடு இருக்கிறார், போஸ்டர் விளையாட்டு என்று சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கரண்ட் இல்லாத மேற்குப் பாதிக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் எல்லோரும் மாலையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என் வீடு மேற்கே.

உலகம்மாள் வாசலில் வந்து, "அவரு சாவல, டிவில இருக்காரு" என்று சொல்லியிருக்கிறாள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் நாலு பேர் அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். அதற்குமேல் சொல்லி என்ன பயன் என்று அவளும் உட்கார்ந்துவிட்டாளாம். பந்தல் போட்டாகிவிட்டது, சங்கு ஊத ஆள் வந்தாகிவிட்டது. பிணம் எங்கே என்று ஒருவர் கேட்க, தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். அவருக்கு யார் சொன்னது என்று இன்னும் தெரியவில்லை.

ஆறுமுகநயினார் நாற்காலி மேல் ஏறி இரங்கல் உரை ஆற்றியிருக்கிறான். "இசக்கியப்பன் எழுதின பத்திரத்துல ஒரு அடித்தல் கெடையாது, ஒரு திருத்தல் கெடையாது" என்று சொல்லிக் கண் கலங்கினானாம். முப்பத்திரண்டு வருடத்தில் அவன் என்னைப் பாராட்டியது இது ஒருமுறைதான், அதைக் கேட்க நான் அங்கே இல்லை.

மூன்று மணிக்கு மேற்கே கரண்ட் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பந்தல் கம்பு நட்டவன் லைனை அறுத்துவிட்டான்.

நாலே முக்காலுக்குக் கம்பளியும் பவுடருமாகத் தெருமுனையில் திரும்பினேன். சங்கு ஊதுகிறவர்தான் முதலில் பார்த்தார். சங்கு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எண்பது பேர் ஓடியதில் பந்தல் சாய்ந்தது. ஆறுமுகநயினார் நாற்காலியோடு விழுந்து கையைப் பிடித்துக்கொண்டு, "வேய், நான் ஒன்னயப் பத்தி நல்லதாத்தான் பேசுனேன்" என்று கத்தினான். உலகம்மாள் மட்டும் எழவில்லை. "காப்பி போடவா?" என்று கேட்டாள்.

எல்லோரும் போன பிறகு மாலைகளைப் பார்த்தேன். புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர்கள்கூட வேன் பிடித்து வந்து மாலை வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நான் நாலு பத்திரம் எழுதியிருக்கிறேன்.

"வேற யாராவது வந்தாவளா?" என்று உலகம்மாளிடம் கேட்டேன்.

"யாரு?"

"பொதுவாக் கேட்டேன்."

"பொதுவா யாரும் வரல" என்றாள்.

நவம்பர் 28, புதன்

ஆயுசு கெட்டி, நூறு வயசு இருப்பீர்கள் என்று வாயால் சொல்கிறார்கள். ஆனால் எதிரே வந்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். டீக்கடையில் எனக்கு மட்டும் தனி டம்ளர் வைக்கிறான், கேட்டால் புது டம்ளர் என்கிறான். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டு ஆறுமுகநயினாரிடம் போனார்கள். செத்தவர் எழுதின பத்திரம் செல்லுமா என்று பின்னால் சிக்கல் வருமாம். அவன் கையில் கட்டுப் போட்டிருந்தான், எழுத முடியவில்லை. அப்படியும் அவர்கள் காத்திருந்தார்கள்.

பேசாமலே போகிறார்கள் என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. நான் நிற்கிற இடத்தில் யாரும் இல்லாததுபோல் தாண்டிப் போகிறார்கள். மூன்று நாள்தான் ஆகிறது.

நவம்பர் 29, வியாழன்

இன்று எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பிடும்போது கத்திவிட்டேன். "அந்த ஊர்லயும் போஸ்டர் ஒட்டியிருக்கு. மண்டிக்காரன் வாரான், ஆறுமுகநயினார் அழுதான். பெத்த பிள்ளைக்கு அப்பன் செத்தான்னு தெரிஞ்சும் வரணும்னு தோணலையே. கல்லாவே போயிட்டாளா அவ?"

உலகம்மாள் ரசத்தை ஊற்றினாள். கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "செத்தவ எப்படி எளவுக்கு வருவா?" என்றாள்.

இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னேன். ரசம் நன்றாக இருந்தது.

டிசம்பர் 1, சனி

மாயன் காலண்டர்படி வரும் 21-ஆம் தேதி உலகம் அழிகிறதாம். பதிவு அலுவலகத்தில் கூட்டம் குறையவில்லை, எல்லோரும் நிலம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். என்னிடம் மட்டும் யாரும் வருவதில்லை.

காலையில் அச்சகத்துக்குப் போய் பிச்சுமணியை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். அவன் பதறிப்போய், "என் தப்பு இல்ல அண்ணாச்சி, பழைய ஃபைல்ல இருந்த மாதிரியே போட்டேன், நீங்களே பாருங்க" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். என் போஸ்டர் இருந்தது. அதை மூடினான். அடியில் பழையது இருந்தது.

அதே பூ, அதே விளக்கு. நடுவில் பகவதி, ரெட்டைச் சடை போட்டு.

எழுதிவிடுகிறேன். இதற்காகத்தானே டைரி. 2003-ஆம் வருடம் ஜூன் மாதம் அவள் வேறு ஆளுக வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போன ஐந்தாம் நாள், உயிரோடு இருக்கும் என் மகளுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தது நான். யாரும் என்னைத் தூண்டவில்லை. வாசகம் நான் எழுதியது. "எங்கள் அன்பு மகள் எங்களை விட்டு மறைந்தாள்" என்று எழுதினேன். புளியங்குடியில் அவள் குடியிருந்த வீட்டுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டச் சொல்லி ஆளும் அனுப்பினேன். வாசகத்தில் ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது.

பிச்சுமணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழிச்சிரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"நீ அழிச்சாப் போயிருமாலே?" என்றேன்.

பேயாகத் திரிவது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். எனக்கு ஆறு நாள், அவளுக்கு ஒன்பது வருடம். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது டிவியில் பேய்ப் படம் போட்டால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, என் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "இப்பம் தொறக்கலாமாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மணி அடிப்பது யாரும் சொல்லித் தராமல் தானாக வந்தது என்று முன்பு எழுதியிருக்கிறேன். அது பொய்.

டிசம்பர் 2, ஞாயிறு

நேற்று உட்கார்ந்து ஒரு பத்திரம் எழுதினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இன்றைய படத்தில் வெள்ளைச் சேலைக்காரி கிணற்றிலிருந்து ஏறி வரும் இடத்தில் மணி அடித்தேன், கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. படத்தை நிறுத்தச் சொன்னேன். ஆவுடைராஜ் காதில் போனை வைத்துக்கொண்டே என்னிடம் ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எளவு கரண்ட்ட மாத்திட்டானுவ. கிழக்க ரெண்டரைக்கே போயிட்டு. மேக்க நாலு மணிக்குத்தானாம். புளியங்குடியிலயும் கரண்ட் இல்ல. இப்பம் ஒரு பயலும் நம்மளப் பாக்கல. நாம மட்டும் ஜெனரேட்டர்ல ஓட்டிக்கிட்டு இருக்கோம். நிப்பாட்டிருவமா?"

"லைன்ல பேட்டரி இருக்குல்லா? படம் போய்ச் சேரும்லா?"

"இருக்கு. ஆனா டிவிக்கு கரண்ட் வேணும்லா? இன்வெர்ட்டர் வச்சிருக்கவன் மட்டும்தான் பாப்பான்."

"அது போதும். ஓடட்டும்" என்றேன்.

கம்பளியைக் கழற்றி வைத்துவிட்டு வாசித்தேன்.

"நாளது 2012-ம் வருடம் டிசம்பர் மாதம் 2-ம் தேதி, சங்கரன்கோவில் மேற்கில் வசிக்கும் சுடலைமுத்து மகன் இசக்கியப்பன், புளியங்குடியில் வசிக்கும் என் மகள் பகவதிக்கு எழுதிக்கொடுத்த ரத்துப் பத்திரம். 2003-ம் வருடம் ஜூன் மாதம் என்னால் அச்சடித்து ஒட்டப்பட்ட அஞ்சலிப் போஸ்டரை, நான் என் சுயபுத்தியுடனும் பூரண சம்மதத்துடனும் யாருடைய தூண்டுதலும் இன்றி இதன் மூலம் ரத்து செய்கிறேன். மேற்படி பகவதி உயிரோடு இருக்கிறாள். அன்றும் இருந்தாள். அதில் கண்ட வாசகம் முழுதும் பொய். எழுதியவன் செய்தது பாவம். இதற்கு மன்னிப்புக் கேட்கும் பாத்தியம்கூட எனக்கு…"

அந்த இடத்தில் ஒரு அடித்தல் விழுந்திருந்தது. மேலே வாசிக்க வரவில்லை.

போன் அடித்தது. புளியங்குடி என்று ஆவுடைராஜ் சைகை காட்டினான். அந்தச் சின்னப் பெண்ணாக இருக்கும் என்று எடுத்தேன்.

"போன ஞாயித்துக்கெழம நீங்க செத்ததுக்கு நான் வரலன்னு அம்மாகிட்டக் கேட்டீயளாம்லா."

ஒன்பது வருடமானாலும் குரல் தெரியாதா எனக்கு?

"பொதுவாத்தான் கேட்டேன்" என்றேன்.

"எதுத்த சுவத்துல போஸ்டர் ஒட்டியிருந்தாவ. காலைல கோலம் போட வந்தப்பமே பாத்துட்டேன். நான் நம்பல."

"டிவில பாத்துட்டியாக்கும்."

"டிவி மத்தியானம்லா. நான் காலைலயே நம்பல. இதே சுவத்துல, இதே பூ போட்ட போஸ்டர்ல நானும் ஒருக்கா செத்திருக்கேன்லாப்பா. அந்தப் போஸ்டர்ல வாரவங்க சாவ மாட்டாவன்னு எனக்குத் தெரியாதா?"

அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? பவுடரும் மையும் சேர்ந்து வழிந்து பத்திரத்தில் சொட்டியது. கேமராவுக்குப் பின்னால் ஆவுடைராஜ் அழுதுகொண்டு நின்றான். பெட்டியைத் திருப்பி எடுத்துப்போக வந்து மூலையில் காத்திருந்த ஐஸ் பெட்டிக்காரரும் அழுதார், தொழிலில் இதுவரை அழுததே இல்லையாம்.

"அப்பா."

"சொல்லும்மா."

"நீங்க மணிய அடிச்சிட்டுப் பத்திரம் வாசிக்கப் போயிட்டீய. இங்க ஒரு பிள்ள அப்பத்துல இருந்து கண்ண மூடிட்டே நிக்கா. தொறக்கலாமான்னு கேக்கா."

"தொறக்கச் சொல்லு தாயி" என்றேன். "பேய் போயிட்டு."

டிசம்பர் 4, செவ்வாய்

உலகம்மாளுடன் புளியங்குடி போய் வந்தேன். பஸ் ஏறியதும் கண்டக்டர் அவளைப் பார்த்து, "என்னம்மா, இந்தச் செவ்வாய்க்கெழம தொணைக்கு ஆளு கூட்டிட்டு வந்திருக்கீய?" என்று கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. எப்போது போட்டார்கள் என்று கண்டக்டரிடம் விசாரித்தேன். பத்து வருடமாக இப்படித்தான் இருக்கிறதாம்.